மடி கொடுக்கும் மனிதர்கள்

சிம்பன்ஸித் தாய், குட்டி பிறந்த முதல் மூன்று மாதங்களுக்கு அதைத் தன் உடம்பைவிட்டுப் பிரிப்பதே இல்லை. பழம் பறிக்கும்போதும், கிளை தாவும்போதும், இரவில் இலைப்படுக்கையில் தூங்கும்போதும் குட்டி அதன் வயிற்றோடு ஒட்டியே கிடக்கும். கூட்டத்தில் இன்னொரு பெண் ஆசையாகக் கை நீட்டினால் தாய் முதுகைத் திருப்பிக்கொள்ளும். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்ஸிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்த ஜேன் குடால், 1970களின் நடுப்பகுதியில் ஒரு கொடூரத்தைப் பதிவுசெய்தார். பேஷன் என்று அவர் பெயர் வைத்திருந்த பெண் சிம்பன்ஸியும் அதன் மகள் பாமும் சேர்ந்து, தங்கள் கூட்டத்துத் தாய்களிடமிருந்தே பச்சைக் குட்டிகளைப் பறித்துக் கொன்று தின்றன.

இப்போது நம் ஊர் டவுன் பஸ்ஸுக்கு வருவோம். மாலை ஆறு மணி. நிற்க இடமில்லாத கூட்டம். இடுப்பில் பத்து மாதக் குழந்தை, தோளில் பை, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண் உள்ளே நுழைகிறாள். ஜன்னலோர சீட்டில் இருக்கும் வயதான அம்மா, மடியிலிருந்த கூடையைக் காலடியில் இறக்கிவைத்துவிட்டு, "பாப்பாவ இப்படிக் குடும்மா" என்கிறார். அவள் யோசிப்பதுகூட இல்லை. குழந்தை நடுவில் நிற்கும் இரண்டு பேரின் கைகளைத் தாண்டி அந்த மடிக்குப் போய்விடுகிறது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்.

விலங்கியல் கண்ணோடு பார்த்தால் இது பெரிய அதிசயம். நமக்கு மிக நெருங்கிய உறவான விலங்கு தன் கூட்டத்தாரிடமே கொடுக்க மறுப்பதை, மனிதத் தாய் முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கிறாள். கொடுப்பவரும் வாங்குபவரும் இதைப் பெரிதாக நினைப்பதும் இல்லை. ஆனால் மனிதகுலத்தின் மிகப் பழைய ஏற்பாடுகளில் ஒன்று இந்தக் கைமாற்றம். நம் குழந்தைகள் பிழைத்து வளர்ந்ததே இதனால்தான் என்று மானிடவியலாளர்கள் பலர் இன்று கருதுகிறார்கள். அந்த அறிவியலை நாம் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் இந்த ஏற்பாடு தானாக நடக்காத இடங்களில்தான் இன்றைய இளம் பெற்றோர் அதிக நேரத்தைக் கழிக்கிறார்கள்.

தனியொருத்தியால் முடியாத வேலை

மனிதக் குழந்தை மிகவும் செலவு வைக்கும் உயிர். பிறக்கும்போது அதன் மூளை, வளர்ந்தவரின் மூளை அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. மீதி வளர்ச்சி முழுவதும் வெளியே வந்தபிறகுதான். ஐந்து வயதை ஒட்டி, உடல் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் சமூகங்களில், ஒரு குழந்தை தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் வயதை எட்டுவதற்குள் சுமார் 1 கோடியே 30 லட்சம் கலோரி தேவைப்படுகிறது என்பது மானிடவியலாளர்களின் கணக்கு. பாலூட்டும் ஒரு பெண் காடுமேடெல்லாம் அலைந்தாலும் இதைத் தனியாகச் சேர்க்க முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிம்பன்ஸி ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே ஐந்தாறு ஆண்டுகள் விடுகிறது. ஒராங்உட்டான் ஏழெட்டு ஆண்டுகள் விடுகிறது. முதல் குட்டி ஓரளவு தன் காலில் நின்றபிறகே அடுத்தது வருகிறது. வேட்டைச் சமூகத்து மனிதப் பெண்ணுக்கோ மூன்று நான்கு ஆண்டுகளிலேயே அடுத்த குழந்தை பிறந்துவிடுகிறது. மூத்தது இன்னும் சோற்றுக்குக் கை ஏந்தும் வயதிலேயே இருக்கும். அதாவது குரங்கினங்களிலேயே மிக மெதுவாக வளரும் குழந்தையை, பெரிய வாலில்லாக் குரங்குகள் எல்லாவற்றையும்விடக் குறைந்த இடைவெளியில் பெறுகிறோம். மற்றவர்கள் கை கொடுக்காமல் இந்தக் கணக்கு எப்படியும் சரிக்கட்டாது.

இந்தப் புதிரைத் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்க மானிடவியலாளர் சாரா பிளாஃபர் ஹெர்டி. அவருடைய ஆய்வு தொடங்கியது இந்தியாவில். 1970களில் ராஜஸ்தானின் அபு மலையில் சாம்பல் மந்திகளை அவர் கவனித்தார். வெளியிலிருந்து வரும் ஆண் மந்தி குட்டிகளைக் கொல்வதை அங்கே கண்டார். அதே கூட்டத்தில், பிறந்த குட்டியைப் பெண் மந்திகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கித் தூக்கிவைத்துக்கொள்வதையும் கண்டார். குட்டிக்கு ஆபத்தும் பாதுகாப்பும் தாயல்லாதவரிடமிருந்தே வரக்கூடும் என்ற இந்த இரட்டை உண்மையிலிருந்து அவர் சிந்தனை விரிந்தது. மனிதர்கள் கூட்டாகக் குழந்தை வளர்க்கும் இனமாகப் பரிணமித்தவர்கள் என்பது 2009ல் வெளிவந்த 'மதர்ஸ் அண்ட் அதர்ஸ்' நூலில் அவர் வைத்த வாதம்.

அதற்குச் சான்றுகள் காடுகளிலிருந்தே வந்தன. காங்கோ ஜனநாயகக் குடியரசின் இட்டூரி காட்டில் வாழும் எஃபே மக்களிடையே, பிறந்த சில நாட்களுக்குள்ளாகவே ஒரு குழந்தையைச் சராசரியாக 14 பேர் தூக்கிக் கொஞ்சிப் பராமரித்திருந்தார்கள். காங்கோ குடியரசின் பயாக்கா மக்களைப் பற்றி 2023ல் வெளியான ஆய்வில், குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக நெருக்கமான கவனிப்பு கிடைத்தது தெரியவந்தது. அதில் கணிசமான பங்கு தாயல்லாதவர்களுடையது. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே, பேரப்பிள்ளைகளுக்காகக் கிழங்கு தோண்டும் பாட்டிகளின் உழைப்பு பிள்ளைகளின் உடல் எடையிலேயே தெரிந்தது என்று கிரிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

பாட்டியும் அத்தையும் சொந்தக்காரர்கள்தானே, அந்நியர் எங்கே வந்தார் என்று கேட்கலாம். 2011ல் கிம் ஹில் தலைமையிலான குழு, இன்றும் வேட்டையாடி உணவு சேகரித்து வாழும் 32 சமூகங்களை ஆராய்ந்தது. ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் குழுவில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய ரத்த உறவினர் பொதுவாகப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் தூரத்து உறவினர், சம்பந்திகள், அல்லது எந்த உறவும் இல்லாதவர்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பாட்டிகள் சொல்வது, மனிதக் கூட்டம் பல்லாயிரம் ஆண்டுகளாக உண்மையில் வாழ்ந்த முறை.

இந்தக் கூட்டு வளர்ப்பு நம் குணத்தையே மாற்றியிருக்கலாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யூடித் புர்கார்ட்டின் குழு 2014ல், மனிதக் குழந்தைகள் உட்பட 15 குரங்கினங்களுக்கு ஒரே சோதனையை வைத்தது. ஒரு பலகையை இழுத்தால் உணவு நகர்ந்து வரும், ஆனால் இழுத்தவருக்கு எதுவும் கிடைக்காது, மற்றவருக்கே கிடைக்கும். யார் இழுப்பார்கள்? மூளை பெரிதாக உள்ள இனங்கள்தான் என்று நினைக்கத் தோன்றும். விடை வேறாக இருந்தது. எந்த இனத்தில் தாயல்லாதவர்கள் குட்டி வளர்ப்பில் அதிகம் பங்கெடுக்கிறார்களோ, அந்த இனமே கேட்காமல் உதவியது. தந்தையும் அண்ணன் அக்காக்களும் குட்டியைச் சுமக்கும் சின்னஞ்சிறு மார்மோசெட் குரங்குகள், கெட்டிக்காரச் சிம்பன்ஸிகளை இதில் விஞ்சிவிட்டன.

ஏழில் ஒரு நொடி

குழந்தையைக் கண்டதும் நமக்குள் என்ன நடக்கிறது? உடம்புக்குப் பெரிய தலை, உருண்ட நெற்றி, முகத்தின் பாதிக்குக் கீழே இறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம், சின்ன மூக்கு. இந்த அடையாளங்களின் தொகுப்பு வளர்ந்தவரிடம் பராமரிக்கும் உணர்வைத் தூண்டுகிறது என்று 1943ல் எழுதினார் ஆஸ்திரிய விலங்கியலாளர் கோன்ராட் லோரன்ஸ். பின்னாளில், 1973ல், விலங்கு நடத்தை ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர் இவர்.

லோரன்ஸின் ஊகத்தை மூளைக்குள்ளேயே பார்க்கும் கருவிகள் பிறகு வந்தன. மோர்ட்டன் கிரிங்கல்பாக்கின் குழு ஆக்ஸ்ஃபோர்டில் செய்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்களுக்கு முன்பின் தெரியாத குழந்தைகளின் முகங்களும் பெரியவர்களின் முகங்களும் காட்டப்பட்டன. குழந்தை முகம் கண்ணில் பட்ட 130 மில்லி நொடிக்குள், ஏறத்தாழ ஏழில் ஒரு நொடியில், கண்குழிகளுக்குச் சற்று மேலே உள்ள மூளைப்பகுதி கிளர்ந்தது. மகிழ்ச்சியும் வெகுமதியும் தொடர்பான பகுதி அது. பெரியவர்களின் முகத்துக்கு அந்தக் கிளர்ச்சி இல்லை. இது யார் பிள்ளை என்று யோசிக்கவே அந்த நேரம் போதாது. 2009ல் மெலனி கிளாக்கர் நடத்திய ஆய்வு, குழந்தையே பெறாத பெண்களிடமும் இதைக் காட்டியது. முகத்தில் மழலை அடையாளங்கள் கூடக் கூட, நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற வெகுமதி மையம் அவர்களுக்கும் கூடுதலாகச் செயல்பட்டது.

ஆண்களும் இதற்கு விலக்கல்ல. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 624 இளைஞர்களைப் பின்தொடர்ந்து 2011ல் வெளியான லீ கெட்லரின் ஆய்வில், தந்தையானவர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் அது இன்னும் குறைவு. பராமரிக்கும் வேலைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் திறன் ஆண் உடலிலும் இருக்கிறது.

இந்த உணர்வு செயலாக மாறுகிறதா? 2009ல் எடின்பரோ நகரத் தெருக்களில் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் 240 மணிபர்ஸ்களை வேண்டுமென்றே போட்டுவைத்தார். சிரிக்கும் குழந்தையின் படம் இருந்தவற்றில் 88 சதவீதம் திரும்பி வந்தன. வயதான தம்பதியின் படம் இருந்தவற்றில் வந்தது 28 சதவீதம்தான். இங்கிலாந்தின் பாத் நகரக் கடைவீதி ஒன்றில் நன்கொடை திரட்டுபவர்களைக் கவனித்து 2021ல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. வீதியில் பெரியவர்கள் மட்டும் நடமாடியபோது பத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு நன்கொடை கிடைத்தது. குழந்தைகளும் பெரியவர்களும் சம அளவில் இருந்தபோது அது இரண்டானது. பிள்ளைகளுடன் வந்த பெற்றோர் அதிகம் கொடுத்ததால் வந்த உயர்வு அல்ல இது. குழந்தைகள் கண்ணில் படும் இடத்தில் எல்லோருமே கொஞ்சம் தாராளமாகிவிடுகிறார்கள்.

ஆனால் இந்த ஈர்ப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதையும் அதே அறிவியல் சொல்கிறது. உதடு பிளவுபட்ட குழந்தைகளின் முகத்தைக் காட்டியபோது அந்த முதல் நொடிக் கிளர்ச்சி மூளையில் குறைவாக இருந்தது என்று 2013ல் கிரிங்கல்பாக்கின் சகாக்கள் கண்டார்கள். மழலை முகம் மாறிய நான்கைந்து வயதில், ஆட்டிசம் உள்ள பிள்ளை ரயில்வே பிளாட்பாரத்தில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு கத்தும்போது, சுற்றியிருப்பவர்கள் அந்தத் தாயை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அழுக்குச் சட்டை போட்ட குழந்தையைக் கண்டாலும் அன்பான பார்வை மாறிவிடுகிறது. முகம் தானாக ஈர்க்காத இடத்தில்தான் நம் அறிவும் மனமும் வேலை செய்ய வேண்டும். உதவி அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான்.

அழுகைக்குள் என்ன இருக்கிறது

பொது இடத்தில் பெற்றோரை நடுங்கவைப்பது குழந்தையின் அழுகை. பசியாற்றியாயிற்று, துணி மாற்றியாயிற்று, ஆனாலும் வீறிட்டு அழுகிறது. சுற்றிலும் தலைகள் திரும்புகின்றன. தாய்க்கு வியர்க்கிறது. தான் எதையோ தவறாகச் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றுகிறது.

பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து டீட்டர் வோல்க்கின் குழு 2017ல் வெளியிட்ட கணக்கின்படி, நல்ல உடல்நலமுள்ள குழந்தைகளே முதல் வாரங்களில் நாளுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம் அழுகின்றன. ஆறாவது வாரத்தில் அது உச்சத்துக்குப் போய், பன்னிரண்டாவது வாரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு வந்துவிடுகிறது. வளர்ச்சியின் ஒரு கட்டம் அது. விமானம் இறங்கும்போது கைக்குழந்தை கதறுவதற்கும் காரணம் உண்டு. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் குழந்தைக்குக் குட்டையாக, குறுகலாக, ஏறத்தாழப் படுக்கைவசத்தில் இருக்கும். காற்றழுத்தம் மாறும்போது காது அடைத்துக்கொள்ளும். நாம் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்வதைக் குழந்தைக்குச் சொல்லித்தர முடியாது. அந்த நேரத்தில் பால் கொடுத்தால் விழுங்கும்போது குழாய் திறக்கும். இது தெரிந்தவர் பக்கத்து சீட்டில் இருந்தால் முகம் சுளிக்கமாட்டார்.

அழுகைச் சத்தம் நம்மைப் படுத்துவதும் இயல்பே. கேட்டவரைச் சும்மா இருக்கவிடாமல் எழுப்பத்தான் அது உருவானது. 11 நாடுகளில் முதல் பிரசவம் கண்ட 684 தாய்களைக் கவனித்து 2017ல் வெளிவந்த மார்க் போர்ன்ஸ்டீனின் ஆய்வில், மொழியும் பண்பாடும் எதுவானாலும் தாய்கள் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். அழுகை எழுந்த ஐந்து நொடிக்குள் தூக்கினார்கள், அணைத்தார்கள், பேசினார்கள். பக்கத்தில் இருக்கும் நமக்கு ஏற்படும் படபடப்பு, அந்தப் பழைய அழைப்பின் எதிரொலிதான். அதை எரிச்சலாக எடுத்துக்கொள்வதா, உதவிக்கான கூப்பிடுதலாக எடுத்துக்கொள்வதா என்பது நம் கையில் இருக்கிறது.

என்ன உதவி செய்யலாம் என்பதற்கும் விடை இருக்கிறது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் குமி குரோடாவின் குழு 2013ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாய் தூக்கிக்கொண்டு நடந்தபோது இதயத் துடிப்பு சட்டென்று குறைந்தது, அழுகையும் அடங்கியது. தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தப் பலன் இல்லை. ஆக, ரயிலில் அழும் பிள்ளையோடு இருக்கும் தாய்க்கு வேண்டியது, எழுந்து பெட்டிக்குள் நாலு நடை நடந்துவரும் வாய்ப்பு. அவள் பையையும் செருப்பையும் மூத்த பிள்ளையையும் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வந்தாலே போதும்.

மடியில் இருப்பவரின் பங்கு

இந்த ஏற்பாட்டில் குழந்தை வெறும் சுமையாக இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறது. தாய் மட்டுமே வளர்க்கும் இனமாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் எல்லோரையும் கவர வேண்டிய தேவை இருந்திருக்காது என்பது ஹெர்டியின் கருத்து. சுற்றியிருப்பவர்களின் மனதைப் படிக்கவும் அவர்களை ஈர்க்கவும் தெரிந்த குழந்தைகளே அன்று அதிகம் பிழைத்தன. மனிதர்களின் பெரிய சிறப்பான பிறர் மனம் அறியும் திறன், அங்கேதான் முளைவிட்டது என்கிறார் அவர்.

ஏழெட்டு மாதத்தில் புது முகத்தைக் கண்டு மிரளும் பழக்கமும் வருகிறது. அப்போது குழந்தை ஒரு சாமர்த்தியமான வேலை செய்கிறது. தெரியாதவரின் மடியில் உட்கார்ந்ததும் அவர் முகத்தைப் பார்க்கும், உடனே கழுத்தைத் திருப்பித் தாயின் முகத்தைத் தேடும். 1985ல் ஜேம்ஸ் சோர்ஸின் குழு இந்தப் பார்வையின் ஆற்றலைச் சோதித்தது. கண்ணாடி மேசையின் ஒரு பாதிக்குக் கீழே பள்ளம் இருப்பதுபோல் தோன்றும். ஒரு வயதுக் குழந்தை அந்த விளிம்பில் நின்று எதிரே இருக்கும் தாயைப் பார்க்கும். தாய் சிரித்த முகத்தோடு இருந்தபோது 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன. தாய் பயந்த முகம் காட்டியபோது 17ல் ஒன்றுகூடக் கடக்கவில்லை.

எனவே கை நீட்டும் நாம் முதலில் சம்மதம் கேட்க வேண்டியது தாயிடம். அவள் முகம் தெளிந்தால் குழந்தையும் தெளியும். அவள் வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும். கைக்குழந்தையின் கன்னத்தில் முத்தமிடுவதும், கேட்காமல் பிஸ்கட்டோ சாக்லேட்டோ வாயில் வைப்பதும் அன்பின் பெயரால் செய்யும் தவறுகள். பச்சைக் குழந்தைக்குச் சாதாரண சளியும் ஆபத்தாகலாம்.

கை தயங்கும் இடம்

மூளையில் இவ்வளவு ஆயத்தம் இருந்தும், பல நேரம் பத்து பேர் பார்த்துக்கொண்டே நிற்க, ஒரு தாய் மடக்கிய தள்ளுவண்டியையும் பையையும் பிள்ளையையும் சுமந்து படியேறுகிறாள். 1968ல் ஜான் டார்லியும் பிப் லட்டானேவும் விளக்கிய நிலை இது. பலர் இருக்கும்போது பொறுப்பும் பலருக்காகப் பிரிந்துபோகிறது. மற்றவர்கள் அசையாததைப் பார்த்து, இதில் அவசரம் ஒன்றும் இல்லை போலும் என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துகொள்கிறார்கள்.

அடுத்த ஆண்டே இந்தக் கதையின் மறுபக்கமும் வெளிவந்தது. நியூயார்க் சுரங்க ரயிலில், கைத்தடியோடு நின்ற ஓர் ஆள் மயங்கி விழுவதுபோல் நடிக்க, என்ன நடக்கிறது என்று இர்விங் பிலியாவினின் குழு பார்த்தது. 65 தடவையில் 62 தடவை யாரோ ஒருவர் தாமாகவே உதவிக்கு வந்தார். பெட்டி கூட்டமாக இருந்ததால் உதவி குறைந்துவிடவில்லை. தேவை என்ன என்பது கண்ணெதிரே தெளிவாக இருந்தது, அடுத்த ஸ்டேஷன்வரை யாரும் இறங்கிப் போகவும் முடியாது. கூட்டத்தைவிடக் குழப்பமே உதவியைத் தடுக்கிறது. எது தேவை என்று தெரிந்துவிட்டால் கை நீளுகிறது.

பெற்றோர் பக்கம் உள்ள தயக்கத்தையும் ஆய்வுகள் அளந்திருக்கின்றன. 2008ல் பிரான்சிஸ் ஃப்ளினும் வனெஸ்ஸா லேக்கும் நடத்திய சோதனையில், தெருவில் போகிறவர்களிடம் செல்போனைக் கொஞ்சம் தரச்சொல்லிக் கேட்கும்படி மாணவர்களை அனுப்பினார்கள். மூன்று பேர் சம்மதிக்கப் பத்து பேரையாவது கேட்க வேண்டியிருக்கும் என்று மாணவர்கள் எண்ணினார்கள். சராசரியாக ஆறு பேரைக் கேட்டதே போதுமாக இருந்தது. 2022ல் ஷுவான் ஷாவோவும் நிக்கோலஸ் எப்லியும் இன்னொன்றைக் காட்டினார்கள். உதவி கேட்பவர்கள், மற்றவருக்குத் தொந்தரவு கொடுக்கிறோம் என்று மிகையாக நினைக்கிறார்கள். உதவியவர்களோ தங்களைக் கேட்டதற்காக மகிழ்ந்திருந்தார்கள். கேட்கக் கூசும் தாயும், கேட்டால் செய்யலாம் என்று காத்திருக்கும் அந்நியரும் ஒரே பெட்டியில் பேசாமல் பயணம் செய்கிறார்கள்.

சந்தேகம் என்ற தடை இவற்றைவிடக் கடுமையானது. 2018ல் பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பம், வழியில் நின்றது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு அன்பாகச் சாக்லேட் கொடுத்தார் அந்தக் குடும்பத்து மூதாட்டி. ஊர் கூடி அடித்ததில் அவர் உயிர் போனது. பிள்ளைகளைக் காக்கும் வேகம் உண்மையான வேகம்தான். அதைப் பொய்ச் செய்தி கையிலெடுத்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தெரியாதவர் எல்லோரும் ஆபத்தானவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவளர்ப்பது எளிது. அதன் விலையை நாம்தான் கொடுக்கிறோம்.

வழக்கத்தை உண்டாக்கலாம்

டவுன் பஸ்ஸில் நடக்கும் உதவி ஏன் மெட்ரோ ரயிலிலும் விமான நிலையத்திலும் அவ்வளவு எளிதாக நடப்பதில்லை? இரண்டு இடத்திலும் மனிதர்கள் அதே மனிதர்கள்தான். பஸ்ஸில் நமக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும், நிற்பவர் தயங்காமல் கொடுக்கலாம், இறங்கும்போது ஒரு தலையசைப்பு போதும். என்ன சொல்வது, எங்கே தொடுவது என்று யாரும் புதிதாக யோசிக்க வேண்டாம். உயிரியல் நம்மை உதவியின் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. வாசலைத் திறப்பது வழக்கம். வழக்கமே இல்லாத புது இடங்களில் அதை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

அப்படி உண்டாக்க முடியும் என்பதற்கு ஜப்பான் ஓர் எடுத்துக்காட்டு. ரயிலில் செல்போனில் பேசுவதையே தவறாக நினைக்கும் நாடு அது. அங்கே குழந்தை அழுதால் பெற்றோர் கூனிக்குறுகிப்போவார்கள். 2016ல் அங்கே ஓர் இயக்கம் தொடங்கியது. 'அழுதாலும் பரவாயில்லை' என்று சொல்லும் ஸ்டிக்கரைச் செல்போனிலும் பையிலும் ஒட்டிக்கொள்வதுதான் அது. பல மாநில அரசுகளும் அதில் சேர்ந்தன. வாய் திறந்து பேசக் கூச்சப்படுபவரின் நல்லெண்ணத்தை அந்த ஸ்டிக்கர் தாய்க்குத் தெரியும்படி காட்டிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2015ல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அரசு செய்த இந்த நல்ல காரியம் நிலைக்க, அறையின் பூட்டு திறந்திருக்க வேண்டும், விசிறி ஓட வேண்டும், தரை சுத்தமாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு டயபர் மாற்றும் பலகை பெண்கள் கழிப்பறையில் மட்டும் இருந்தால், மகளோடு தனியாக வந்த அப்பா எங்கே போவார்? தனியாகப் பிள்ளையோடு வரும் ஆணுக்குச் சந்தேகப் பார்வை கிடைக்கக் கூடாது, உதவிதான் கிடைக்க வேண்டும்.

இதில் தாயின் நலமும் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் பிரசவித்த பெண்களில் 22 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் ஒன்று மதிப்பிட்டது. ஐந்தில் ஒருவருக்கும் மேல். பாட்டியும் பக்கத்து வீடும் எட்டாத தூரத்தில் வேலைக்காகக் குடியேறிய தாய்க்கு, அன்றைய நாளில் பேசக் கிடைத்த ஒரே பெரியவர் ஆஸ்பத்திரி வரிசையில் பின்னால் நின்றவராக இருக்கலாம். அவர் "குழந்தைக்குக் குளிருது, குல்லா போடக்கூடாதா" என்று குறை சொல்லப் போகிறாரா, "நீங்க முன்னாடி போங்கம்மா" என்று வழிவிடப் போகிறாரா என்பது அந்தத் தாயின் நாளையே மாற்றும்.

செய்ய வேண்டியது சிறியது, தெளிவானது. "ஏதாவது ஹெல்ப் வேணுமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பரவாயில்லைங்க" என்ற பதில்தான் வரும். "பைய நான் பிடிச்சுக்கட்டுமா?", "வண்டியோட முன்பக்கத்தத் தூக்கட்டுமா?", "தண்ணி பிடிச்சுட்டு வரட்டுமா?" என்று செயலைப் பெயர் சொல்லிக் கேட்டால் தாய் தலையசைத்தாலே போதும். அறிவுரையை நிறுத்திவைக்கலாம். பிள்ளை அழும்போது தாயைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கலாம். பெற்றோரும் கேட்கப் பழக வேண்டும். கேட்பது குறையல்ல. நம் இனம் பிள்ளை வளர்த்த முறையே அதுதான்.

பிள்ளைகளும் இதில் சும்மா இருப்பதில்லை. 2006ல் பெலிக்ஸ் வார்னகனும் மைக்கேல் டோமசெல்லோவும் ஒன்றரை வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைக் கீழே தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டுவார். இரண்டு கையிலும் புத்தகத்தோடு வந்து அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் நிற்பார். யாரும் சொல்லவில்லை, மிட்டாய் கொடுக்கவில்லை. 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு தடவையாவது தளர்நடை போட்டுவந்து அந்த அந்நியருக்கு உதவினார்கள். பிறருக்குக் கை கொடுக்கும் விருப்பத்தோடுதான் நம் பிள்ளைகள் நடக்கவே தொடங்குகிறார்கள். அந்த விருப்பம் வளருவதும் வாடுவதும், தங்களைச் சுற்றியுள்ள பெரியவர்கள் தங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கும் பார்வையில் இருக்கிறது. அந்நியர் என்பவர் எப்படிப்பட்டவர் என்ற முதல் பாடத்தை அவர்களுக்கு நடத்துபவர்கள் நாம்தான்.